அறுபத்தொரு வியாழக்கிழமைகள்

கனடாவில் ஒருவரை ஒருவர் நம்பாத காலம் முற்றிப்போனபோது, அரசாங்கம் சனங்களிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு அவர்களுடைய நாடியைப் பார்க்கத் தொடங்கியது.

அதற்கு முன்னர் கேட்டுத்தான் பார்த்தார்கள். பொலிசை நம்புகிறீர்களா, ஆஸ்பத்திரியை நம்புகிறீர்களா, இருட்டிய பிறகு பஸ் தரிப்பிடத்தில் தனியே நிற்பீர்களா என்று தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். முதலில் சனங்கள் இல்லை, இல்லை என்றார்கள். பிறகு கேட்கிறவனையே நம்பாமல் அழைப்பைத் துண்டித்தார்கள். கடைசியில் ஆயிரம் பேரை அழைத்தால் ஏழு பேர் பதில் சொன்னார்கள். அந்த ஏழு பேரும் பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவர்கள். அப்போதுதான் ஒரு கெட்டிக்காரக் கூட்டம் வந்து, வாயைக் கேட்காதீர்கள், நாடியைக் கேளுங்கள் என்றது. சுகாதார அட்டையோடு ஒரு கைப்பட்டியும் இலவசமாக வந்து சேர்ந்தது. பொது நிலையம் எதையாவது நெருங்கும்போதும் சீருடைக்காரர் எவரையாவது காணும்போதும் இதயம் எப்படி அடிக்கிறது என்று அந்தப் பட்டி குறித்துக்கொள்ளும். நிதானமாக அடித்தால் நம்பிக்கை, துள்ளினால் அவநம்பிக்கை. ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் ஒளிர்ந்தது. நாற்பதுக்குக் கீழே மூன்று பருவங்கள் தொடர்ந்து கிடந்தால் அந்த நிலையத்துக்குப் பூட்டு.

சுகிர்தாவுக்கு இந்த ஏற்பாட்டில் வேலை. பொது நம்பிக்கை அளவீட்டு அலுவலகத்தில் அவள் பரிசோதகர். பூட்டப் போகிற நிலையத்துக்கு ஒருமுறை நேரே போய், நாடி மானி சரியாகத்தான் அளக்கிறது என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்து வைக்க வேண்டும். ஆறு வருடத்தில் பத்தொன்பது கையெழுத்து வைத்திருக்கிறாள். இருபதாவதாக வந்தது ஸ்காபரோவில், எல்ம்பாங்க் வீதியில் இருந்த அம்புலன்ஸ் நிலையம்.

அந்த வீதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். நிலையத்துக்கு எதிரே நிற்கிற பதினெட்டு மாடிக் கட்டடத்தில் நாலாம் மாடியில் அவளுடைய அக்கா ஜெயகௌரி இருந்தாள். தாய் தகப்பன் இல்லாமல் போன பன்னிரண்டு வயதுச் சுகிர்தாவை வன்னியிலிருந்து கையில் பிடித்துக்கொண்டு வந்து வளர்த்தவள் கௌரியக்கா. இதைச் சுகிர்தா படிவத்தில் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் ஹார்வி வாசித்துவிட்டு, தமிழ் தெரிந்த பரிசோதகர் வேறு ஒருவரும் இல்லை, நீயே போ என்றார்.

அக்காவுக்கு முட்டு வருத்தம். டொக்டர்மார் ஆஸ்துமா என்பார்கள். நிலையம் பூட்டுப்பட்டால் அடுத்த அம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிடம் ஆகும். முட்டு இறுகினால் அக்காவால் ஆறேழு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. திங்கட்கிழமை காலை சுகிர்தா காரை நிறுத்தியபோது வாசலில் ஒளிர்ந்த எண் முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை அவள் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

நிலையப் பொறுப்பாளர் டோரீன் நியூஃபவுண்ட்லாந்துக்காரி. ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம், சிரித்தால் கராஜ் முழுக்கக் கேட்கும். அன்று அவள் சிரிக்கவில்லை.

"நாங்கள் என்ன பிழை விட்டோம் என்று சொல்லு. திருத்துகிறோம். ஒவ்வொரு நாளும் காலையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். என் பொடியன்கள் இரண்டு தரம் மரியாதைப் பயிற்சி எடுத்துவிட்டார்கள். கதவுக்குப் பச்சை நிறம்கூட அடித்துப் பார்த்தோம்" என்றாள் ஆங்கிலத்தில்.

"எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறீர்கள்?"

"எதிர்க் கட்டடம் என்றால் மூன்று நிமிடம். அதில் அரை நிமிடம் சப்பாத்துக்கு உறை போட." டோரீன் ஒரு பெட்டி நிறைய நீலத் துணி உறைகளைத் திறந்து காட்டினாள். "உங்கள் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாலும் முதலில் எங்கள் சப்பாத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் லிஃப்டிலேயே போட்டுவிடுவோம்."

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூச்சு எடுங்கோ, எங்க நோகுது, பயப்பிடாதேங்கோ என்று பத்துத் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில். நிலையத்தில் வேலை செய்கிற பதினான்கு பேருக்கும் அவை பாடம். சுகிர்தா எத்தனையோ நிலையங்களுக்குப் போயிருக்கிறாள். யாரும் கேட்காமல் இப்படி ஒரு தாளைத் தாங்களே எழுதி ஒட்டிவைத்த நிலையம் ஒன்றையும் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு, எதற்கென்று தெரியாமலே.

எதிர்க் கட்டடத்தின் வரவேற்பறையில் போவோர் வருவோரை மறித்துக் கேட்டாள். முதலில் அகப்பட்டவர் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் சபாநாதன். எழுபது வயது. எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு யோசனை தயாராக இருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

"அந்தப் பிள்ளையளோ? தங்கமான பிள்ளையள். போன மாசம் என்ர மனுசி குளியலறையில விழுந்தவா. நான் முதல்ல மச்சானுக்குப் போன் அடிச்சு, மச்சான் மருமோனுக்கு அடிச்சு, அவன்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டவன். அவன் போனை வைக்க முன்னம் இவை வந்திட்டினம்" என்றார்.

"அப்ப நம்புறியள்?"

"இதென்ன கேள்வி பிள்ளை!"

அவரைத் தன்னோடு வாசல்வரை நடக்கச் சொன்னாள். வீதிக்கு அப்பால் சீருடையில் ஒரு பையன் கையைக் காட்டினான். சபாநாதன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு திருப்பிக் கை காட்டினார். பட்டியைப் படிக்கிற பரிசோதகர் கருவியில் அவருடைய நாடி நூற்று இருபத்தெட்டு. முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

சுகிர்தா கருவியைத் தட்டிப் பார்த்தாள். கருவி பழுதில்லை. ஏதோ ஒரு சந்தேகத்தில் தன்னுடைய மணிக்கட்டின் பக்கம் அதைத் திருப்பினாள். பரிசோதகர்கள் தங்கள் எண்ணைப் பார்ப்பதில்லை, அது ஒரு வழக்கம். நூற்றுப் பத்தொன்பது. முப்பத்திரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்து, இந்த நாட்டு அரசாங்க வேலை பார்த்து, இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் உலகம் சுற்றியும், ஒரு சீருடையைக் கண்டதும் உடம்பு இன்னும் பதுங்குகுழிக்கு ஓடப் பார்க்கிறது. அந்தக் கட்டடத்தில் நானூறு குடும்பங்கள், அதில் பாதிக்கு மேல் அவள் வந்த திசையிலிருந்து வந்தவர்கள். முப்பத்தொன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

அன்று பின்னேரமே ஹார்வியிடம் போனாள். ஹார்வி கெட்ட மனிதர் அல்ல. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தின்படி வாழ்கிறவர், அவ்வளவுதான்.

"மானி அவர்களுடைய இன்றைய நம்பிக்கையை அளக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முந்திய பயத்தை அளக்கிறது. வேறொரு நாட்டில், வேறு சீருடைக்காரர் கதவைத் தட்டிய பயம் அது" என்றாள்.

"அப்படியே இருக்கலாம். ஆனால் மற்ற இடங்களில் மற்றவர்களுக்கும் ஏதாவது ஒரு பழைய பயம் இருக்கும். ஒரு கட்டடத்துக்கு இரக்கப்பட்டு எண்ணைத் திருத்தினால் நாளைக்கு எங்களை யார் நம்புவார்கள்?"

"அப்ப வழியே இல்லையா?"

"விதியில் ஒரு வழி இருக்கிறது." ஹார்வி பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "இருக்கிற பதிவுகளை வைத்தே இதைவிடச் சரியான கணக்கு ஒன்று உண்டு என்று பரிசோதகர் காட்டினால், அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நகரத்தின் எல்லாப் பொது அலுவலகங்களுக்கும் அதே கணக்கு, பின்னோக்கி மூன்று பருவத்துக்கும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் கொண்டு வா."

செவ்வாய் பின்னேரம் கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் கூட்டம் வைத்து, சுகிர்தா நடப்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். நிலையம் பூட்டப்பட இருக்கிறது என்றதும் மண்டபம் கொதித்தது. எங்களாலயோ, நாங்களோ அவையை நம்பேல்லை என்று ஆளுக்காள் கேட்டார்கள். ஒரு பெண் அழுதாள். கௌரியக்கா பின்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

சபாநாதன் எழும்பினார். "பிள்ளை, எனக்கொரு விளக்கம் வேணும். நெஞ்சு கொஞ்சம் மெதுவா அடிச்சா நம்பர் ஏறுமோ?"

சுகிர்தா களைத்துப்போய் இருந்தாள். பகிடியாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். "ஓம் அண்ணை, ஏறும்" என்று சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் செய்த பெரிய பிழை அதுதான். தன்னுடைய சனம் குளிசை பரிமாறுகிற சனம் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனாள். ஒருவருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து நல்லது என்றால் அது ஊருக்கே நல்லது, கறிவேப்பிலைபோல வீட்டுக்கு வீடு போகும்.

வியாழன் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் திரையைத் திறந்தவள் முதலில் சந்தோசப்பட்டாள். எல்ம்பாங்க் நிலையம் நாற்பத்திரண்டு. பத்து நிமிடத்தில் நாற்பத்தாறு. பிறகு பதிவுகளைத் தனித்தனியாகப் பார்த்தாள். ஐம்பத்துநாலு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று நாற்பது பேர். அறுபது, எழுபது வயதுக்காரர் நாற்பது பேருக்கு ஒரே காலையில் மரதன் ஓடுகிறவனின் நாடி. காரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அங்கே நடந்ததை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது. தடித்த குளிர்க் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்ட நாற்பது பேர், பனி ஒதுக்கிய நடைபாதையில், நிலையத்துக்கு முன்னால் வருவதும் திரும்புவதும் மறுபடி வருவதுமாகக் கோயில் வீதி சுற்றுவதுபோல நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பகிடி இல்லை. சபாநாதன் முன்னுக்கு நடந்தார்.

"அண்ணை, என்ன செய்தனீங்கள்?"

"பிரஷர் குளிசைதான் பிள்ளை. என்ர மனுசிக்கு எழுதினது, நெஞ்சை மெதுவா அடிக்கப் பண்ணுறது. ஆளுக்கொண்டு. நம்பரைப் பாத்தனீரோ? ஏறுதல்லோ!"

சுகிர்தா அவரைப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் கௌரியக்கா வந்துகொண்டிருந்தாள். நிலையத்தைத் தாண்டப் பயந்து, தமிழ்க் கடைக்குப் போவதற்குக்கூடப் பின்பக்கத்தால் கால் மணி நேரம் சுற்றிப் போகிற அக்கா, பச்சைக் கதவை நோக்கி நேரே வந்தாள். வாய் திறந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. கதவுக்குப் பத்தடி இருக்கும்போது முழங்கால் மடிந்து பனியில் சரிந்தாள்.

வியாழன் என்றால் டோரீன் வண்டியை வெளியே விட்டுச் சாமான் சரிபார்க்கிற நாள். சுகிர்தா கத்த முன்னமே அவள் ஓடி வந்துவிட்டாள்.

"என்ன மருந்து குடித்தாள்?"

சபாநாதன்தான், முகம் வெளிறி, சட்டைப் பைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். தன் பிழையை ஒரு கணமும் மறைக்காமல் நீட்டினாரே, அதற்காக அவரை மன்னிக்கலாம். டோரீன் பெயரைப் பார்த்தாள். முட்டுக்காரருக்கு நஞ்சு போன்ற குளிசை அது, மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். வழக்கமாகக் கொடுக்கிற மருந்தும் சரியாகக் கேட்காது. அந்த அட்டை இல்லாவிட்டால் இதை அறிய நேரம் போயிருக்கும். டோரீன் தன்னோடு வேலை செய்கிற பையனிடம் வேறு ஊசியொன்றின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், முகமூடியை அக்காவின் மூக்கில் வைத்துக்கொண்டு பனியிலேயே முழங்காலில் இருந்தாள்.

"மூச்சு எடுங்கோ, கௌரி. மூச்சு எடுங்கோ. பயப்பிடாதேங்கோ."

உதடு நீலம் பாரித்து, பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. விழுந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது நிமிடம் என்ற எண்ணைச் சுகிர்தா மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். மற்ற முப்பத்தொன்பது பேரையும் டோரீனின் ஆட்கள் உள்ளே கூப்பிட்டு வரிசையாக இருத்தி ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். இரண்டு பேருக்குத் தலைச்சுற்று, மற்றபடி ஒன்றுமில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் கௌரியக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"உங்களுக்கு விசரோ அக்கா? முட்டோட இருக்கிற ஆள் ஆற்றையோ குளிசையை வாங்கி விழுங்கிறதோ?"

"பேசாதை. இண்டைக்கு எப்பிடியும் போயிடுவன் எண்டு நினைச்சன்."

"எங்க போறதுக்கு?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ரண்டு வருசத்துக்கு முன்னம் எனக்கு முட்டு வந்ததல்லோ. நான்தான் அம்புலன்ஸுக்கு அடிச்சனான். ஆனா கதவில தட்டினதும், அந்த உடுப்பைத் துளையால பாத்ததும், ஓடிப்போய்ப் பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கொண்டன். உன்ர அத்தானைக் கொண்டுபோக வந்தவங்களும் அப்பிடித்தானே தட்டினவங்கள். இவ என்ன செய்தவா தெரியுமோ? கதவை உடைக்கேல்லை. மேல் கோட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு, கதவடியில நிலத்தில இருந்தவா. மூச்சு எடுங்கோ, மூச்சு எடுங்கோ எண்டு கொச்சைத் தமிழில சொல்லிக்கொண்டே இருந்தவா. நானாத் திறக்குமட்டும் இருந்தவா."

"எனக்கு நீங்கள் சொல்லவே இல்லையே."

"வெக்கமடி. அவவுக்கு ஒரு நன்றி சொல்லவேணுமெண்டு அண்டையில இருந்து நினைக்கிறன். கிட்டப் போகக் கால் வருகுதில்லை. அதால போன வருசம் தொடங்கி ஒவ்வொரு வியாழனும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டப் போய்ப் பாத்தனான்." கையை நீட்டினாள். "உன்ர மிசினில எல்லாம் இருக்குமெண்டு சொல்லுவாய். பாரன்."

சுகிர்தா கருவியைப் பட்டியோடு இணைத்து அக்காவின் பதிவைத் திறந்தாள். முதல் வியாழன், நிலையத்திலிருந்து நூற்று எண்பது மீற்றரில் நின்று திரும்பியிருக்கிறாள். நாடி நூற்று நாற்பத்தொன்று. அடுத்த வியாழன் நூற்று எழுபத்தாறு மீற்றர். நாடி அதே. மழைக்காலம், பனிக்காலம், மறுபடி மழைக்காலம். ஒருமுறை பன்னிரண்டு மீற்றர் பின்வாங்கி, மறுவாரம் ஒன்பது மீற்றர் முன்னுக்கு. கடைசியாகப் போன வியாழன் இருபத்திரண்டு மீற்றர். நாடி நூற்று நாற்பது. அறுபத்தொரு வியாழக்கிழமைகள், இதயம் ஒரு துடிப்புக்கூட இறங்கிக் கொடுக்கவில்லை, ஆனாலும் இந்த மனுசி விடவில்லை. அந்த அறுபத்தொன்றையும் மானி அவநம்பிக்கை என்று எழுதி நிலையத்தின் எண்ணிலிருந்து கழித்திருந்தது.

சுகிர்தா தன் அக்காவைப் பார்த்தாள். இந்த மெலிந்த, சண்டைக்காரி அக்காவைவிடத் துணிந்த ஒருவரைத் தான் இதுவரை கண்டதில்லை என்று நினைத்தாள். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள்.

"போடி" என்றாள் அக்கா.

அப்போது டோரீன் எட்டிப் பார்த்தாள். வேலை முடிந்து, சீருடையைக் கழற்றிவிட்டு, ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அக்கா பயந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கௌரியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாங்க்யூ" என்றாள். இரண்டு வருடம் சுமந்த சொல் ஒரு நொடியில் வெளியே வந்தது. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "உவவுக்குச் சொல்லு, அடுத்தமுறை அந்த உடுப்போட வரச்சொல்லி. நான் பயந்தாலும் பரவாயில்லை. எனக்கு அந்த உடுப்பில ஒரு நல்ல ஆளைப் பாக்கவேணும்."

சுகிர்தா மொழிபெயர்த்தாள். டோரீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கை ஸ்வெட்டர் கையால் துடைத்தாள்.

மறுநாள் காலை, சுகிர்தா விதியில் சொன்ன கணக்கைச் செய்தாள். புதுக் கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நாடியோடு கால்களையும் பார்த்தால் போதும். ஆள் எந்தத் திசையில் நடந்தார் என்பதும் பட்டியில் பதிவாகிறது, அதை இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. நோக்கி நடந்தால் நம்பிக்கை, விலகி நடந்தால் அவநம்பிக்கை. இதயம் துள்ளியும் நிலையத்தை நோக்கிப் போனவர் எத்தனை பேர், நிதானமாக விலகிப் போனவர் எத்தனை பேர்? எல்ம்பாங்க் நிலையத்தில் குளிசை நாளைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டாள். எண்பத்தேழு. நகரத்தின் இருநூற்றுப் பதினாறு அலுவலகங்களில் அதுதான் முதலாவது.

கதிரையில் சாய்ந்து சிரித்தாள். பிறகு பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போனாள். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அதைத் திரும்ப ஒருமுறை கணக்கிட்டாள். அதே விடை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாளை ஹார்வியின் மேசையில் வைத்தாள். அவர் வழிமுறையை வாசித்தார், தலையாட்டினார். எல்ம்பாங்க் எண்ணைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது விரல் நின்றது.

இருநூற்றுப் பதினாறாவது இடம்: பொது நம்பிக்கை அளவீட்டு அலுவலகம். எண் நாலு.

"இதைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். எங்கள் வாசலைக் கடக்கும்போது எல்லோருடைய நாடியும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடத்தில் அழைக்காமல் ஒருவரும் உள்ளே வந்ததில்லை. அமைதியாக வீதியின் மற்றப் பக்கம் மாறிப் போயிருக்கிறார்கள்."

"மூன்று பருவமும்?"

"மூன்று பருவமும். விதிப்படி எங்களுக்கும் பூட்டு."

அந்த விதியை எழுதிய குழுவில் ஹார்வியும் ஒருவர். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. அவளுக்கு அதைவிடக் கனகாலம். கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. இருவரும் அதை நினைத்தார்கள், இருவரும் அதைச் சொல்லவில்லை. ஹார்வி கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். ஆறு வருடத்தில் அவள் அதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"உனக்குப் பயமில்லையா?" என்று கேட்டார்.

சுகிர்தா சட்டைக் கையை மேலே இழுத்து, கருவியைத் தன் மணிக்கட்டில் பிடித்து, அதன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நூற்று முப்பத்தாறு.

ஹார்வி அந்த எண்ணை வாசித்தார். பிறகு முழுப் பட்டியலையும் ஒழுங்காக அடுக்கி, கடைசிப் பக்கத்தை மேலே வைத்து, அடியில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. பேனாவை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள்.